கைருன் பீவி வீட்டு டேப் ரிக்கார்டர்

பழவேற்காட்டுக் கைருன் பீவிக்கு முப்பத்திரண்டு வயதில் ஒரு பெருமை வந்து சேர்ந்தது. துபாயில் வேலை பார்த்த அவள் கணவன் ஜமால் முகம்மது 1982-இல் அனுப்பிய டேப் ரிக்கார்டர்தான் அது. அந்தத் தெருவில் நாலு வீட்டு ஆண்கள் துபாயில் இருந்தார்கள். கடிதம் எழுதச் சோம்பல், கேசட்டில் பேசி அனுப்புவார்கள். போட்டுக் கேட்கப் பெட்டி இருந்தது கைருன் வீட்டில் மட்டும். பெண்கள் கேசட்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து, உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார்கள். பதிலையும் அங்கேயே பேசிப் பதிவார்கள். அதுவரை வீட்டுக்காரி கொல்லைப்புறம் போய்விட வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம், யாரும் மீறியதில்லை.

வழியில் அதிகாரிகள் எல்லாக் கேசட்டையும் போட்டுக் கேட்ட பிறகுதான் விடுகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. உண்மையா பொய்யா, யார் கண்டார்கள்? "பாத்துப் பேசுங்கடி, சர்க்காருக்குக் காது நீளம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் கைருன் எச்சரித்து அனுப்புவாள்.

அவள் மனதை அரித்தது ஜைனம்பு. அடுத்த வீடு, கல்யாணமாகி ஒன்றரை வருஷம், கைருனை அக்கா முறையில் 'லாத்தா' என்பாள். அவள் கணவன் கௌஸ் மைதீனும் ஜமாலும் துபாயில் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். கேசட் கேட்டுவிட்டு வெளியே வரும்போது ஜைனம்புவுக்குக் காது மடல்வரை சிவந்திருக்கும். ஒருமுறை சிரிப்பை அடக்க முடியாமல் படியில் இடறினாள். கைருனுக்கு வயிறு எரிந்தது. அப்படி என்னதான் சொல்கிறான் அந்தக் கௌஸ்?

கைருனுக்கு வரும் கேசட்டில் ஜமால் முதலில் பத்துப் பேருக்குப் பெயர் சொல்லிச் சலாம் சொல்வார். பிறகு, மழைக்கு முன்னால் ஓடு மாற்றியாயிற்றா என்பார். அத்தோடு சரி. மிச்சமெல்லாம் வெறும் இரைச்சல். பெட்டி என்னுடையது, கொஞ்சல் மட்டும் அவளுக்கா என்று பொருமினாள் கைருன்.

ஒரு வியாழக்கிழமை ஜைனம்பு தன் பதிலைப் பதிந்து, கேசட்டைக் கைருனிடமே கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் துபாய் புறப்படுகிறவர் தெருக் கேசட்டுகளை அங்கே வந்துதான் வாங்கிக்கொள்வார். வீட்டில் யாருமில்லை. அடுப்பில் இறால் வெந்துகொண்டிருந்தது. கைருன் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டுக் கேசட்டைப் போட்டாள்.

"மச்சான், நீங்க கேட்டீங்கன்னுதான் இன்னிக்கு அந்தப் பச்சைப் புடவையக் கட்டிக்கினு வந்து பேசறேன்" என்றது ஜைனம்புவின் குரல்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மீன்கூடைக்காரி கோவிந்தம்மா, "பீவி, கெழங்கான் வேணுமா?" என்று கூப்பிட்டாள். கைருன் பதறிப்போய்ப் பெட்டியை நிறுத்தி, அவளை விரட்டாத குறையாக அனுப்பிவிட்டு ஓடி வந்தாள். அவசரத்தில், தன் கணவனுக்குப் பதியும் பழக்கத்தில், பதிவுக்கான சிவப்புப் பொத்தானையும் சேர்த்து அமுக்கிவிட்டாள். பெட்டியில் சத்தமே இல்லை. ஜைனம்பு பேசியது அவ்வளவுதான் என்று நினைத்து, பெட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்து கொட்டித் தீர்த்தாள்.

"பச்சைப் புடவையாம்! எங்க வூட்டு மச்சானுக்கு எங்கிட்ட இன்னா கலர் புடவை இருக்குதுன்னாவது தெரியுமா? எப்பப் பாரு ஓடு மாத்தினியா, ஓடு மாத்தினியா! கைருன், நீ எப்படி இருக்கேன்னு ஒரு வாட்டி கேட்டா நாக்கு தேஞ்சிடுமா? இவளப் பாத்தா எனக்கு வயிறு எரியுது, அல்லாவே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாடாவை முதலிலிருந்து வரும்படி சுற்றி, உறையில் போட்டு வைத்தாள். மறுநாள் கேசட் துபாய்க்குப் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து ஜைனம்பு ஒரு கேசட்டோடு வந்தாள். அறைக்குள் போனவள் கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"உள்ள வாங்க லாத்தா. இது உங்களுக்கு வந்திருக்குது."

பெட்டியில் கௌஸ் பேசினான். "லாத்தா, ஜைனம்பு பேச்சுக்கு நடுவுல உங்க பேச்சு விழுந்திருக்குது. மொட்டை மாடியில தனியாத்தான் கேட்டேன், வேற யாரும் கேக்கல. இங்க ரூம்ல எட்டுப் பேரு. எல்லாரும் சுத்தி ஒக்காந்திருக்கிறப்போதான் அண்ணன் உங்களுக்குப் பேசுவாரு, வெக்கப்படுவாரு. நீங்க பேசினதை அண்ணனுக்குப் போட்டுக் காட்டட்டுமா? நீங்க சரின்னு சொன்னாத்தான் போடுவேன். வேணாம்னா அழிச்சிடறேன்."

கைருன் பெட்டியை நிறுத்தினாள்.

"எத்தினி வாட்டி கேட்டீங்க லாத்தா?" என்றாள் ஜைனம்பு.

"அந்த ஒரு வாட்டிதான்டி. தப்புதான்."

"சர்க்காருக்குக் காது நீளம்னு சொன்னீங்களே" என்றாள் ஜைனம்பு. புதுக் கேசட் ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

திருடிக் கேட்டவளிடம்கூட அனுமதி கேட்டுச் செய்கிற கணவன் இவளுக்கு வாய்த்தானே என்று அந்த நிலையிலும் கைருனுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. பொத்தானில் கை வைத்தவள், எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். ஜைனம்பு கொல்லையின் கடைசியில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

கைருன் திரும்பி வந்து இரண்டு பொத்தானையும் அமுக்கினாள்.

"போடுங்க தம்பி. அவரு தனியா இருக்கிறப்போ போடுங்க."