எல்லாத் துண்டுக்கும் எட்டு

கடலூர் முதுநகரில் சார்லஸின் மாட்டுக்கறிக் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. அவருடைய மகள் ஜான்சி சிதம்பரத்தில் என்ன படிக்கிறாள் என்று கேட்டால்தான் தெருவில் ஆளுக்கொரு பதில் வரும். டாக்டருக்கு என்பார் ஒருவர். கறிக்கு ஸ்கேன் எடுக்கப் படிக்கிறாள் என்பார் இன்னொருவர். இரண்டுமே முழுப் பொய் இல்லை. பல்கலைக்கழகத்தில் உணவு பதப்படுத்தும் துறையில் ஆராய்ச்சி மாணவி அவள். ஸ்கேன் சென்டரில் வயிற்றுக்குள் அனுப்புகிறார்களே, காதுக்குக் கேட்காத ஒலி, அந்த இனத்தைச் சேர்ந்த ஆனால் பலம் கூடிய ஒலியைத் தண்ணீர் வழியாகச் செலுத்தினால் முற்றிய மாட்டின் கறி மிருதுவாகுமா என்பது அவள் கேள்வி.

இந்தக் கேள்வி புத்தகத்தில் கிடைத்ததல்ல. கடைக்கு வருவதெல்லாம் உழைத்து ஓய்ந்த மாடுகள். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிப்போன பெண்கள் திங்கட்கிழமை வந்து, ஏழு விசில் வைத்தும் வேகவில்லை என்று சண்டை போடுவார்கள். பப்பாளிக்காய் அரைத்துப் போடச் சொல்லி அப்பா சமாளிப்பார். கடைக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியபடி இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் ஜான்சி. பள்ளியில் மட்டும், டிபன் பாக்ஸில் என்ன என்று யாராவது கேட்டால் உருளைக்கிழங்கு என்பாள்.

கல்லூரி முடித்து ஒரு இறால் கம்பெனியின் குளிர் அறையில் மூன்று வருஷம் நின்றாள். பிறகு நர்சிங் சேர்ந்து பாதியில் விட்டாள். அரசுத் தேர்வுக்குப் படித்து அதையும் விட்டாள். முப்பது வயதில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இதையாவது முடிப்பியாம்மா?"

இப்போது முப்பத்தைந்து. ஒருமுறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று, இன்னொருமுறை கிடையாது. ஜூலை கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கடைசி அத்தியாயம் மட்டும் காலியாக இருந்தது.

அந்த அத்தியாயத்துக்கான இயந்திரத்தை மருந்தியல் துறையிலிருந்து பத்து நாள் இரவல் வாங்கியிருந்தாள். பார்ப்பதற்கு எவர்சில்வர் தொட்டி, அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டால் தண்ணீர் கொதிக்காமலே நடுங்கும். ஒரு அலுமினியத் தாளை முக்கி எடுத்தால் எறும்பு அரித்ததுபோல் பொத்தல் விழுந்திருக்கும். கறித் துண்டுகளைக் காற்று போகாத பையில் அடைத்து, தண்ணீர் சூடாகிவிடாமல் ஐஸ் போட்டுக்கொண்டே, சிலதை இருபது நிமிஷமும் சிலதை நாற்பது நிமிஷமும் வைத்தாள். சிலதை வைக்காமல் விட்டாள். கறி எத்தனை அழுத்தத்துக்கு அறுபடுகிறது என்று அளக்கும் கருவி வித்தியாசத்தைக் காட்டிவிட்டது. ஆனால் அவளுடைய வழிகாட்டி இளமதி மேடத்துக்கு அது போதவில்லை.

"கருவிக்குப் பல்லு கிடையாது ஜான்சி. வாய் சொல்லணும்."

வாய்க்கு எங்கே போவது? துறையில் மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் இல்லாமல் இல்லை, ஆனால் சாப்பிட்டேன் என்று தாளில் பெயர் எழுத நாலு பேருக்கு மேல் முன்வரவில்லை. அப்படியானால் வழக்கமாகச் சாப்பிடுகிற பன்னிரண்டு பேரை உன் ஊரிலேயே பிடி என்றார் மேடம். ஜான்சி முகத்தைப் பார்த்து யாரும் விடையை ஊகிக்கக் கூடாது என்பதற்காகப் பைகளுக்கு அவரே எண் போட்டார். எந்த எண் எந்தக் கறி என்பதை எழுதி, இரண்டு முறை சோதிப்பதற்காகக் காலைக்கு ஒன்று மாலைக்கு ஒன்று என இரண்டு உறைகளில் ஒட்டிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தொட்டி மருந்தியல் துறைக்குத் திரும்பிப் போனது. சனிக்கிழமை ஜான்சி ஐஸ் பெட்டியோடு கடலூர் பஸ் ஏறினாள்.

தெருமுனைச் சமுதாயக்கூடத்தில் பிரிட்ஜ் அட்டைப் பெட்டிகளைக் கிழித்து ஆளுக்கொரு தடுப்பு வைத்தாள். கறியை உப்பு மட்டும் போட்டு, தெர்மாமீட்டர் செருகி, மூன்றையும் ஒரே சூட்டில் வேகவைத்தாள். மஞ்சள்தூள்கூட இல்லாமல் கறியா என்று, ருசி பார்க்கப் போகிற பன்னிரண்டு பேரில் ஒருவரான பெரியம்மா சின்னம்மாள் பக்கத்திலேயே நின்று வருத்தப்பட்டார். விசேஷங்களுக்குச் சமைக்கப் போகிறவர் அவர், வெறும் உப்புக்கறி அவருக்கு அவமானமாக இருந்தது.

பன்னிரண்டு பேரும் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். தாளில் ஒன்று முதல் எட்டு வரை இருந்தது. எட்டென்றால் மிக மிருது, ஒன்றென்றால் மிகக் கடினம் என்று இரண்டு தடவை விளக்கினாள். பேசக்கூடாது, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் தண்ணீர் குடிக்க வேண்டும். செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற சுப்புராயன் மாமாவுக்குக் கடைவாய்ப் பல் இரண்டு பக்கமும் இல்லை. முதல் துண்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் மாத்திரை போல் தண்ணீர் ஊற்றி முழுங்கினார். பேனாவை எடுத்து எட்டு போட்டார்.

பன்னிரண்டு தாள்களையும் ஜான்சி வரிசையாகப் பரப்பிப் பார்த்தாள். மூன்று துண்டுக்கும், எல்லாக் கட்டத்திலும், எல்லாரும் எட்டு. ஒருவர் ஒன்பது போட்டு, அதை அடித்து எட்டாக்கியிருந்தார்.

வித்தியாசமே இல்லை என்றால் அத்தியாயமே இல்லை. தொட்டி போய்விட்டது. மிச்சம் இருப்பது மாலைக்கான ஒரே பொட்டலம். அதற்கும் இதே எட்டுகள் விழுந்தால் ஜூலை அவ்வளவுதான். அப்பாவின் கேள்வி காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

வெளியே வேப்பமரத்தடியில் அவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு போன வாரக் கல்யாணத்து பீப் பிரியாணியைப் பற்றி. முதல் பந்திக்கு வந்த கறி வேறு சட்டி, இரண்டாம் பந்திக்கு வந்தது வேறு சட்டி என்று கண்டுபிடித்திருந்தார் சுப்புராயன். கறியை நார்வாக்கில் வெட்டியதுதான் காரணம் என்றார் சின்னம்மாள். ஆட்டோ ஓட்டும் கதிரவன், தம் முடிவதற்குள் மூடியைத் திறந்துவிட்டார்கள் என்பதை முதல் வாயிலேயே தெரிந்துகொண்டதாகச் சொன்னான். ஜன்னலோரம் நின்று கேட்ட ஜான்சிக்கு நம்ப முடியவில்லை. ஒரு வாரம் கழிந்த கறியைப் பற்றி இத்தனை நுணுக்கமாகப் பேசும் நாக்குகள், அரைமணிக்கு முன் தின்றதற்கா எட்டு போட்டன?

வெளியே வந்து கேட்டேவிட்டாள். "அந்தக் கறிக்கு இவ்ளோ கொற சொல்றீங்க. என்னுதுக்கு மட்டும் ஏன் எல்லாரும் எட்டு?"

சின்னம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "நீ பரீட்சைக்கு வந்துருக்க. அஞ்சு வருசமா ஒங்கப்பன் எதிர்பாத்துகினு கெடக்கறான். நாங்க மார்க்கக் கொறச்சி ஒன்ன ஃபெயிலாக்கணுமா?"

"மார்க் எனக்கு இல்ல பெரியம்மா. கறிக்கு."

"யாருக்கோ. சோறு போட்ட எடத்துல கொற சொல்ல நாங்க என்னா மாப்ள வூட்டுக்காரங்களா?" என்றான் கதிரவன். சிரிப்பு எழுந்தது. ஜான்சி சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேடத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு. மார்க்கை எடுத்துவிடு, முதல் இடம் எது கடைசி இடம் எது என்று வரிசைப்படுத்தச் சொல், அதுவும் ஒத்துக்கொள்ளப்பட்ட முறைதான் என்றார். ஆனால் காலைத் தாள்களைக் கிழிக்கக் கூடாது, அவையும் ஆய்வேட்டில் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

நாலு மணிக்குப் புதுத் தாளோடு அவர்கள் முன் நின்றாள் ஜான்சி.

"இப்ப நீங்கதான் மாப்ள வூடு. பொண்ணு வூட்ல மூணு சட்டி எறக்கிருக்காங்க. எது மொத பந்திக்குப் போவணும், எத திருப்பி அனுப்பணும்னு எழுதுங்க. கீழ காரணத்தையும் எழுதலாம்."

அட்டைத் தடுப்புகளுக்குப் பின்னால் உட்கார்ந்த விதமே மாறிவிட்டது. முதுகு நிமிர்ந்தது. சுப்புராயன் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டாவது துண்டைப் பாதியில் எடுத்து தட்டோரம் வைத்துவிட்டு விறுவிறுவென்று எழுதினார். காரணம் எழுத விட்டிருந்த மூன்று வரி யாருக்கும் போதவில்லை. ஐந்து பேர் தாளைத் திருப்பிக்கொண்டார்கள், சின்னம்மாள் இன்னொரு தாள் கேட்டார்.

ஜான்சி மாலைக்கான உறையைப் பிரித்தாள். எண்களை வைத்து இரண்டு தடவை கூட்டினாள். ஒலியில் வைக்காத கறியைப் பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இருபது நிமிஷக் கறிக்கு ஒன்பது பேர் முதல் பந்தி கொடுத்திருந்தார்கள். அவளும் மேடமும் மலையாக நம்பியிருந்த நாற்பது நிமிஷக் கறிக்கு மூன்றே பேர். கதிரவன் அதைக் கடைசியில் தள்ளி, "கடிக்க ஒண்ணுமில்ல, கொழந்தைக்கு ஊட்டலாம்" என்று எழுதியிருந்தான்.

நினைத்த விடை வரவில்லை. ஆனால் விடை வந்துவிட்டது. ஜான்சி இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். பல மாதமாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று, கேட்காமலே இறங்கிக்கொண்டது போலிருந்தது. மேடத்துக்குப் போன் போட்டு எண்களைச் சொன்னாள். மேடம், எழுத ஆரம்பி என்று மட்டும் சொன்னார்.

மிஞ்சிய கறியைச் சின்னம்மாள் விடவில்லை. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்து, காலையில் பட்ட அவமானத்தைத் தீர்த்துக்கொண்டார். கடையைச் சாத்திவிட்டு வந்த அப்பா, மகளின் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டார். சுப்புராயன் மாமா முன்பற்களாலேயே நிதானமாக மென்றுகொண்டிருந்தார்.

"காலைல முழுங்கனீங்களே மாமா, அதுக்கு எப்படி எட்டு போட மனசு வந்துது?"

"அந்தக் கறிக்கு ஒண்ணே ஜாஸ்தி" என்றார் அவர். "அது ஒனக்குப் போட்டது."

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலி ஐஸ் பெட்டியைக் காலடியில் வைத்து, இருபத்தைந்து தாள்களையும் மடியில் வைத்துக்கொண்டாள். செம்மங்குப்பத்து நெடி வந்தால் எப்போதும் துப்பட்டாவால் மூக்கை மூடுகிறவள், அன்றைக்கு அந்த ஊர் தாண்டியதையே அறியவில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிய பிறகு கண்டக்டர்தான் தட்டி எழுப்பினார்.