சதுப்பை விட்டு மேட்டுக்கு

வெனான்சியா தன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் எதிர்மலையில் பீன்ஸ் பறிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு தொண்டை. ருவாண்டாவின் வடக்கே, எங்கள் மலை ஆஸ்பத்திரியில் ரத்தத்துக்குப் பொறுப்பான நர்ஸ் அவர். ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு, கோபம் வந்தால் டாக்டரையும் விடமாட்டார். ஆனால் அவர் கை பட்டுப் பிறந்த பிள்ளைகள் இந்த மலையில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

முன்பெல்லாம் ரத்தம் மோட்டார் பைக்கில் வரும். மழைக்காலச் சேற்றில் அது சறுக்கி, புகை கக்கி, வந்து சேர்வதற்குள் பிள்ளை பெற்றவள் கண்ணை மூடிவிடுவாள். அப்படிப் போனவர்களின் பெயரெல்லாம் வெனான்சியாவுக்கு மனப்பாடம். அதனால்தான், பேட்டரியில் பறக்கும் ட்ரோன் வந்து பாராசூட் மாதிரி ஒரு காகிதக் குடையில் ரத்தப் பெட்டியை மெத்தென்று இறக்கிவிட்டுப் போன அன்று அவர் வாய்விட்டு அழுதார். புகையில்லை, பெட்ரோல் இல்லை. இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்று ஊரே நம்பியது.

பெட்டி விழுவதற்கு ஆஸ்பத்திரிக்குக் கீழே, சதுப்பின் ஓரமாக இடம் குறித்தார்கள். அங்கேதான் எங்களால் மட்டுமே செய்ய முடிந்த தப்பு நடந்தது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஊர்கூடிப் பொதுவேலை செய்வது எங்கள் வழக்கம். கையில் மண்வெட்டி கிடைத்துவிட்டால் எங்களுக்குச் சுத்தம் தலைக்கேறிவிடும். குறித்துக் கொடுத்த இடத்தோடு நிற்காமல், வெனான்சியா முன்னால் நின்று விரட்ட விரட்ட, சதுப்போரத்து நாணலை எல்லாம் மொட்டையடித்து வைத்தோம். விருந்தாளிக்கு முற்றம் பெருக்கிய மாதிரி பளிச்சென்று இருந்தது.

அந்த நாணலுக்குள்தான் ஒரு ஜோடி கொண்டைக் கொக்கு வருஷந்தோறும் முட்டையிட்டு வந்தது. மறைப்புப் போனதும், மிச்சமிருந்த கொஞ்சம் நாணலில் கூடு கட்டியது. தலைக்கு மேல் ட்ரோன் வரும்போதெல்லாம் கழுகென்று பயந்து எழுந்து ஓடியது. அது திரும்பி வருவதற்குள் காக்கைகள் வேலையை முடித்துவிட்டன. பெட்டி எடுக்கப் போன வெனான்சியாதான் உடைந்த ஓடுகளைப் பார்த்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் சத்தமே கேட்கவில்லை.

அடுத்த பருவத்தில் அதே ஜோடி மறுபடியும் வந்து முட்டையிட்டது. வெனான்சியா ட்ரோன் கம்பெனியைப் போனில் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கடைசியில் அவர்கள் பறக்கும் வழியை மலைக்குப் பின்புறமாகத் திருப்பி, பெட்டி விழும் இடத்தை ஆஸ்பத்திரிக்கு மேலே இருக்கும் மேட்டின் உச்சிக்கு மாற்றினார்கள். இனி மேட்டிலிருந்து பெட்டியைக் கொண்டுவர ஆள் வேண்டும். நோயாளிகளை டோலியில் வைத்துத் தோள்மாற்றித் தூக்கி வரும் ஊர்ச் சங்கத்தின் தலைவர் சிலிதியோவிடம் வெனான்சியா போனார்.

"ஏம்மா, மனுஷனத் தூக்குற சங்கம் இது. கொக்கு முட்டைக்காக எங்கள மலையேறச் சொல்றியே, நல்லாவா இருக்கு?"

"கொக்குக்காக இல்லண்ணே, நான் செஞ்ச பாவத்துக்காக. நாணல வெட்டச் சொல்லிக் கத்துனது யாரு? நான்தானே?"

"அப்ப நீயே ஏறு. உடம்பும் கொஞ்சம் இளைக்கும்."

வாழைப்பழக் கள்ளைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெனான்சியா எழுந்து வந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து அவரே ஏறினார். நோயாளிக்குத் தாமதமாகிவிடக் கூடாதே என்று, ரத்தத்துக்குச் சொல்லிவிட்ட கையோடு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெட்டி விழும்போது மேட்டில் தயாராக நிற்பார். படிப்படியாக வெட்டிய வயல்களின் வழியே மூச்சிரைக்க அவர் ஏறுவதைப் பார்த்துச் சிலிதியோ, "சத்தம் மேல போயிருச்சு, ஆளு இன்னும் கீழயே இருக்கு!" என்பார்.

"சிரிங்கண்ணே, பல்லு இருக்குற வரைக்கும் சிரிங்க!" என்று பதில் சொல்லிவிட்டு நிற்காமல் போவார். தன் தப்புக்குத் தன் முழங்காலையே விலையாகக் கொடுத்த ஒருத்தரை நான் பார்த்தது அப்போதுதான்.

முட்டை பொரியப் போகிற சமயம், சிலிதியோவின் மருமகள் டோனாத்தாவைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்தத்துக்குச் சொல்லியாகிவிட்டது. டாக்டர் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். வெனான்சியா அவள் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தார். கையை எடுத்தால் உயிர் போகும், மேட்டுக்கு யார் போவது?

கைதான் மாட்டிக்கொண்டிருந்தது, வாய் சும்மா இருந்தது. ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி முழுத் தொண்டையில் கத்தினார்: "சிலிதியோ அண்ணே! பெட்டி மேட்டுல விழப்போகுது! மலை நெடுக ஆள நிறுத்துங்க!"

பெட்டி சதுப்பிலேயே விழுவதாக இருந்தால் நாலெட்டில் எடுத்துவிடலாம். முற்றத்தில் நின்ற சிலிதியோவுக்கு அது தெரியாதா? ஆனாலும் அவர் மலையைப் பார்த்துச் சங்கத்து ஆட்களைப் பேர் பேராகக் கூப்பிட்டார். வயலில் இருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு வரப்பில் வந்து நின்றார்கள். காகிதக் குடை மேட்டில் இறங்கியதும் பெட்டி கைக்குக் கை தாவி, டோலி தோள் மாறுவது போல நிற்காமல் கீழே வந்தது. கடைசிக் கை சிலிதியோவுடையது.

வெனான்சியா தனியாக ஓடி வந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்க முடியாது.

ரத்தம் ஏறி, போக்கு நின்று, டோனாத்தா தண்ணீர் கேட்ட பிறகுதான் வெனான்சியா வெளியே வந்தார். சிலிதியோவைக் காணவில்லை. கீழே சதுப்போரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே! பொண்ணு பொழச்சுட்டா!"

அவர் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, உதட்டில் விரலை வைத்தார்.

"கத்தாதம்மா. உள்ள நிக்க முடியாம இங்க வந்து இதையே பாத்துட்டு இருந்தேன். ட்ரோன் வந்துட்டுப் போச்சு, மலையே கத்துச்சு, அப்படியும் அது முட்டை மேலயே உக்காந்திருக்கு."

நாணலுக்கிடையே அந்தப் பொன்னிறக் கொண்டை அசையாமல் தெரிந்தது. வெனான்சியா அவர் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். அவருக்கு ரகசியம் பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நாளைக்கு மேட்டுக்கு யாருண்ணே?"

"சங்கம் இருக்கு. இனி நீ ஏறுனா கால ஒடிச்சுருவேன்."