பிப்ரவரி வரை யாரும் பார்க்கக்கூடாது

இடுப்பில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, அது இருப்பதே யாருக்கும் தெரியாமல் நாள் முழுவதும் நடமாடுவதுதான் மூன்று வருடம் என் தொழில். சினிமாவில் இந்த வேலை பார்ப்பவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஸ்டைலாக இறங்குவான். அவன் குனிந்து ஷூ லேஸ் கட்டுவதை எந்தப் படத்திலாவது காட்டியிருக்கிறார்களா? காட்ட மாட்டார்கள். குனிந்தால் சட்டை ஏறும், சட்டை ஏறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். உடம்பில் எதையாவது ஒளித்துக்கொண்டு பிழைப்பு நடத்தும் கூட்டாளிகள் யாராவது இதைப் படித்தால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்காவது புரியட்டும்.

பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவன் நான். அங்கே துப்பாக்கியைத் தோளில் தூக்கி ஊருக்கே காட்டிக்கொண்டு நடந்தேன். ஓய்வு பெற்றபின் குடியாத்தத்திலிருந்து தோஹாவுக்கு வந்து ஒரு தங்கக்கடை முதலாளியிடம் சேர்ந்தேன். முதலாளியை இங்கே அர்பாப் என்பார்கள். கடையிலிருந்து பட்டறைக்கும் பட்டறையிலிருந்து கடைக்கும் தங்கம் போகும்போது நான் கூடப் போகவேண்டும். வெளிநாட்டுக்காரனுக்குத் துப்பாக்கி என்பது இந்த ஊரில் லேசில் கிடைக்கிற அனுமதி இல்லை. அர்பாப் பெரிய இடம் என்பதால் எட்டு மாதம் அலைந்து எனக்கு ஓர் அட்டை வாங்கிக் கொடுத்தார்.

துப்பாக்கியைக் காலையில் லாக்கரிலிருந்து எடுக்கவேண்டும், மாலையில் லாக்கரில் வைத்துவிட வேண்டும். நடுவில் வெளியாள் யார் கண்ணிலாவது பட்டால் அட்டை ரத்து. அட்டை போனால் வேலை போகும். வேலை போனால் மனைவி சுமதியின் விசாவும் மகள் நிவேதாவின் விசாவும் போகும். கடைசி வருடம் நிவேதா பன்னிரண்டாம் வகுப்பு. பிப்ரவரியில் பொதுத்தேர்வு. நடுவில் ஊருக்கு அனுப்பிவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் பாழ். நான் ஏதோ ஆபீஸ் வேலை பார்க்கிறேன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பிப்ரவரி வரை யாரும் பார்க்கக்கூடாது. எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

ஆகஸ்டில் கோட்

மறைக்க வேண்டும் என்றால் கோட் போடவேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் தோஹாவில் கோட் போட்டிருக்கிறீர்களா? ஏசி காரில் வந்து ஏசி கட்டிடத்தில் இறங்குகிறவனைக் கேட்கவில்லை. வெயிலில் முந்நூறு அடி நடந்து பட்டறை வாசலில் அரை மணி நேரம் நிற்கிறவனைக் கேட்கிறேன். முதுகில் வியர்வை வாய்க்காலாக ஓடும். இதையெல்லாம் விதி எழுதியவர் யோசிக்கவில்லை, அவர் ஏசியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டிட சைட். அங்கே வேலை பார்த்த கள்ளக்குறிச்சிக்காரர் ஒருவர், தலையில் ஈரத்துண்டோடு நேராக என்னிடம் வந்தார். தங்கைக்குக் கல்யாணமாம், மூன்று தடவை கேட்டும் லீவு கொடுக்கவில்லையாம், நான் ஒரு வார்த்தை சொன்னால் நடக்குமாம். அந்தக் கம்பெனியில் எனக்கு யாரையும் தெரியாது என்றேன். நம்பவில்லை. நான் வெறும் ஆள்தான் அண்ணே என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை, மூன்று தடவை கேட்டும் லீவு கொடுக்காதவன்மேல் வந்தது. அவர் திரும்பிப் போகும்போது சொன்னார்: "கோட்டு போட்டும் ஒண்ணும் முடியாதுன்னா, அப்புறம் எதுக்கு சார் இந்த வெயில்ல கோட்டு?"

மூன்றாவது கை

அசிங்கம் என்று யாரும் பேச மாட்டார்கள், நான் பேசியே தீருவேன். கழிப்பறைக்குப் போனால் துப்பாக்கியை எங்கே வைப்பது? பேண்ட்டை இறக்கினால் அதுவும் சேர்ந்து இறங்கி, கதவுக்கடியில் உள்ள இடைவெளியில் பக்கத்து அறைக்காரனுக்குக் காட்சி தரும். தண்ணீர்த் தொட்டிமேல் வைக்கலாம் என்றால், வைத்துவிட்டு மறந்து போனவன் கதையை டிரெயினிங்கில் நூறு தடவை சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள் வெள்ளைக்காரப் பயிற்சியாளர்கள். அவர்களுக்குக் காகிதம், ஒரு கை போதும். நமக்கு வலது கையில் தண்ணீர்க் குழாய், இடது கைக்கு அதன் வேலை. துப்பாக்கிக்கு மூன்றாவது கை வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, குண்டுகளைத் தனியாகக் கழற்றிக் கோட் பையில் போட்டுவிட்டு, உறையின் தோல்வாரைப் பல்லில் கடித்துக்கொள்வது. ஒரு மாலில் அப்படி உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. எங்கள் சூப்பர்வைசர் சுடலைமுத்து, திருநெல்வேலிக்காரர். மூன்றாவது ரிங்குக்குள் போனை எடுக்கவேண்டும், அதுவும் விதி. இடது கையைப் பற்றி யோசிக்காமல், குழாயை விட்டுவிட்டு வலது கையால் எடுத்து, பல்லைத் திறக்காமலேயே "ம்ம், ம்ம்" என்றேன். அவர் கேட்டார்: "டூட்டி நேரத்துல வாயில என்னத்தவே வச்சு மென்னுக்கிட்டு இருக்கீரு?"

ஒரு பக்கம் மட்டும்

உறையோடு சேர்த்துச் செருகினால் என் அளவு பேண்ட் பொத்தான் போடாது. இரண்டு அங்குலம் பெரிதாக வாங்கினால் மாலையில் லாக்கரில் வைத்தபின் பேண்ட் இறங்கும். இதற்காக நஜ்மா பகுதியில் நெய்னா பாய் என்ற தையல்காரரிடம் போனேன். அதிராம்பட்டினத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே தைக்கிறார். வலது பக்கம் மட்டும் இரண்டு அங்குலம் விட்டுத் தையுங்கள் பாய் என்றேன்.

ஏன் என்று கேட்டார். கட்டி இருக்கிறது என்றேன். எந்த டாக்டர் பார்த்தார் என்றார். சித்த வைத்தியம் என்றேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பாய்க்குச் சித்த வைத்தியத்தில் பெரிய பிடிப்பு, கட்டியைக் காட்டு, பத்து எண்ணெய் பேர் சொல்கிறேன் என்று டேப்பைப் போட்டுவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் அந்தக் கை இன்னும் அரை அடி வந்திருந்தால் என் மகளின் பரீட்சை அன்றைக்கே முடிந்திருக்கும். பின்னாலேயே நகர்ந்து இஸ்திரி மேஜையில் முட்டி நின்றேன். பாய் கையை இறக்கிக்கொண்டு, நோட்டில் அளவை எழுதியபடி சொன்னார்: "ரெண்டு பக்கமும் ஒண்ணா வளர்ற வயித்தைத்தான் தம்பி நான் இதுவரைக்கும் தச்சிருக்கேன்."

பச்சை பெல்ட்

ஜனவரியில் தமிழர் சங்கத்தின் பொங்கல் விழா. அர்பாப்தான் சிறப்பு விருந்தினர். அவர் கடையின் நகைகள் ஒரு மேஜையில் காட்சிக்கு. என்னைப் பார்த்து, உங்கள் ஆட்கள் மாதிரியே உடுத்திக்கொண்டு வா, அப்போதுதான் யாருக்கும் தெரியாது என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். வேட்டியில் ஒரு கிலோ இரும்பைச் செருகிக்கொண்டு நடந்து பார்த்தவன்தானே கஷ்டம் அறிவான்? ஊரில் மாட்டு வியாபாரிகள் கட்டும் பை வைத்த அகலப் பச்சை பெல்ட்டைத் தேடிப்பிடித்துக் கட்டினேன். அப்படியும் வலது பக்கம் வேட்டி அங்குலம் அங்குலமாக இறங்கியது. விழா முழுவதும் வலது இடுப்பைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே நின்றேன். சுமதிக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். அவள் ஒரு பொங்கல் பானைக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை.

கயிறு இழுக்கும் போட்டி வந்தது. கல்யாணமானவர்கள் பக்கம் ஓர் ஆள் குறைகிறது என்று சங்கச் செயலாளர் என் கையைப் பிடித்து இழுத்தார். பட்டாளத்துக்காரர் வந்தால் ஜெயம் நமக்குத்தான் என்று நாலு பேர் முதுகில் தட்டினார்கள். கயிறு இழுத்தால் வேட்டி தங்காது, வேட்டி தங்காவிட்டால் தோஹாவில் நாங்கள் தங்க முடியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்: குடலிறக்கம், அடுத்த வாரம் ஆபரேஷன். அத்தனை பேரும் என் கை இருந்த இடத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அதோடு விட்டார்களா? செயலாளர் மைக்கைப் பிடித்தார்: "குடலிறக்கத்தையும் பொருட்படுத்தாம விழாவுக்கு வந்திருக்குற நம்ம தனசேகரன் அண்ணனுக்கு எல்லாரும் பலமா ஒரு கைதட்டு குடுங்க."

அர்பாபின் விருந்தாளிகள்

பிப்ரவரி வந்தது. தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. அர்பாப் வீட்டு மஜ்லிசில், அதாவது விருந்தாளிகளை உட்காரவைக்கும் பெரிய கூடத்தில், அவருடைய நண்பர்கள் பத்துப் பேர். நானும் சுடலைமுத்தும் கதவோரம் நின்றோம். எங்கோ ஒரு நகைக்கடையில் பட்டப்பகலில் திருட்டு நடந்ததைப் பற்றிப் பேச்சு. எங்களுக்கெல்லாம் பாதுகாப்பே இல்லை என்று ஒருவர் அலுத்துக்கொண்டார்.

அர்பாப் சிரித்தார். "தன், இதர் ஆவ்" என்று என் பெயரைச் சுருக்கி இந்தியில் கூப்பிட்டார். போய் நின்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்த நொடி அவரே என் கோட்டின் நுனியைப் பிடித்து, புது ஜன்னல் திரையை விலக்கிக் காட்டுவது போல் விலக்கிக் காட்டினார். பத்து ஜோடிக் கண். மூன்று வருட வியர்வை, பல்லில் கடித்த தோல்வார், இல்லாத கட்டி, இல்லாத குடலிறக்கம், எல்லாவற்றையும் அந்த மனுஷன் இரண்டு விரலில் முடித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் காது அடைத்தது. அவர் கையைத் தட்டிவிட்டிருக்கலாம், தட்டியிருந்தால் அதற்கும் நானே பதில் சொல்லவேண்டும். விருந்தாளிகளில் வயதானவர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு சின்னதா?"

காரணம்

மறுநாள் சுடலைமுத்து ஒரு படிவத்தை நீட்டினார். வெளியாட்கள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார், எழுதாவிட்டால் அவர் வேலைக்கும் ஆபத்து. படிவத்தில் காரணம் என்று ஒரு பகுதி. கீழே தேர்ந்தெடுக்க இரண்டே இரண்டு: காவலரின் கவனக்குறைவு, காவலரின் உடைக் கோளாறு. முதலாளியின் பெருமை என்று மூன்றாவது ஒன்று இருக்கவேண்டாமா? உடைக் கோளாறில் டிக் போட்டுக் கையெழுத்துப் போடும், அதுதான் சின்னக் குற்றம் என்றார் அவர். செய்யாத குற்றத்தில் சின்னதென்ன, பெரியதென்ன? இரண்டையும் அடித்துவிட்டு, "முதலாளியே காட்டினார்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுடலைமுத்து படித்துவிட்டு, "இத எப்படிவே நான் அரபில எழுதி அவருகிட்டயே நீட்டுவேன்?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனாலும் நீட்டினார், அந்த மரியாதை அவருக்கு எப்போதும் உண்டு.

அன்று மாலை சுமதியிடம் சொன்னேன். அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்த நிவேதாவுக்கும் எல்லாம் கேட்டுவிட்டது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நீ போய்ப் படிடி, எக்ஸாம் எழுதிட்டுதான் இங்கேர்ந்து நவுருவோம்" என்றாள் சுமதி. எந்த தைரியத்தில் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு நாள் கழித்து அர்பாப் கூப்பிட்டார். படிவம் அவர் மேஜைமேல் இருந்தது. கோபமே இல்லை, ரசித்துப் படித்த மாதிரிதான் தெரிந்தது. விதி விதிதான், அட்டையைக் கொடுத்துவிடு, துப்பாக்கியும் லாக்கரோடு இருக்கட்டும் என்றார். விசா என்று ஆரம்பித்தேன். கையமர்த்தினார். விசா இருக்கும், வேலையும் இருக்கும், நாளைக்கும் வழக்கம்போலத் தங்கத்தோடு போ என்றார். வெறுங்கையோடா என்று கேட்டேன். அவர் எனக்கு டீ ஊற்றிக்கொண்டே, தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்: "உன்கிட்ட பிஸ்டல் இருக்குன்னு இப்ப ஊருக்கே தெரியும் தன், இனி அது நிஜமா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

தேர்வு நாள்

முதல் தேர்வு இங்கிலீஷ். நானே நிவேதாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்து நேராக டூட்டிக்குப் போகவேண்டும், பத்து மணிக்குப் பட்டறைக்கு ஒரு பெட்டி போகிறது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் கடைசி நிமிடம்வரை பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நிவேதா புரட்டவில்லை. ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, நீ கவலைப்படாமல் எழுது என்றேன். முடியவில்லை என்பது எனக்கும் தெரியும். இவள் பரீட்சைக்காக நான் பெட்டிக்குப் பின்னால் வெறும் இடுப்போடு நடக்க ஒத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது, அர்பாப்மேலும் வருகிறது, டீயைக் குடித்துவிட்டுத் தலையாட்டிய என்மேலும் வருகிறது. மணி அடித்தது. உள்ளே போகத் திரும்பியவள் நின்று, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, சீரியஸா கேக்கறேன், நிஜமாவே யாராவது வந்துட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

இருந்ததை மூன்று வருடம் இல்லையென்று நடித்தேன், தேர்வெல்லாம் முடிந்து மூட்டை கட்டும்வரை இல்லாததை இருக்கிறதென்று நடித்தேன், இரண்டுக்கும் அவர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் மட்டும் கடைசிவரை மாறவே இல்லை: செக்யூரிட்டி.