மொட்டைக்காசுப் பேணி

முகமும் இல்லை, எழுத்தும் இல்லை; நாக்கில் வைத்தால் மட்டும் நல்ல காசைப் போலவே புளிக்கும். ரியாத்தில் குளிர்பான மெஷின் திருத்திய என் வாப்பா, லீவில் வரும்போதெல்லாம் அப்படி இரண்டு மூன்றைக் கொண்டுவந்து என் கையில் போடுவார். மெஷின் காசைச் சரியாக எடுக்கிறதா என்று போட்டுப் பார்ப்பதற்காகவே செய்த வில்லைகள் அவை. பருமனும் பாரமும் ரியால் காசினுடையவை; ஒன்றின் ஓரத்தில் வெட்டு, இன்னொன்றின் நடுவில் துளை, அவ்வளவுதான். எங்களுக்கு அது "மொட்டக்காசி".

"மெஷினுக்கு இது காசி, மனே. கடைக்காரனுக்குத் தகடு" என்பார் வாப்பா.

கல்முனையில் வேறு எவனிடமும் இல்லாத அந்தச் சேகரத்தை ஒரு பால்மாத் தகரப் பேணியில் போட்டு மூடி வைத்திருந்தேன்.

சுனாமி வந்த அன்று வாப்பா லீவில் நின்றார். உம்மாவும் நானும் தப்பினோம். வாப்பா தப்பவில்லை; அவருடைய மையத்துத்தான் கிடைத்தது. போட்டோ, உடுப்பு, பாஸ்போட் எல்லாம் கடலோடு போயிருந்தன. அவர் கைபட்ட பொருள் என்று அந்தப் பேணியாவது எங்காவது கிடக்கும் என்று நம்பினேன்.

கண்டெடுத்த சாமான்களைப் பள்ளிவாசலில் ஒப்படைப்பார்கள், ஸ்பீக்கரில் அறிவிப்பார்கள், உரியவர் அடையாளம் சொல்லி எடுப்பார். நான் நாள்தோறும் போய், காசிப் பேணி வந்ததா என்று கேட்டேன். பொறுப்பாக இருந்த மரைக்கார், காசு ஒன்றும் வரவில்லை என்றே சொன்னார். ஒருநாள் பக்கத்தில் இருந்தவர்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்: "வாப்பா மவுத்தான கையோட காசி தேட வெளிக்கிட்டான் பாருங்க."

அதோடு போவதை விட்டுவிட்டேன்.

சண்டை முடிந்த வருடம், பாதைகள் திறந்து பழைய இரும்பு லொறிகள் ஊருக்குள் ஓயாமல் வந்துபோன காலத்தில், மரைக்கார் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். வாசலால் ஒரு லொறி போனது. அதைப் பார்த்து, சுனாமி நேரம் பள்ளியில் சேர்ந்த குப்பையை அப்படியொரு லொறியில்தான் ஏற்றியதாகக் கதை சொன்னார்.

"ஒரு பேணி நெறயத் தகடு. காசி மாதிரி, ஆனா காசில்ல. ஆரு கேக்கப்போறான் எண்டு இரும்புக்காரனுக்கிட்டக் குடுத்தம்."

அது என்னுடையது என்றேன். அவர் சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீ காசி எண்டுதானே மனே கேட்டாய்?"

பொய்யில்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரம் கூட. என்ன காசு என்று ஒரு பிள்ளையிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

எங்கள் பழைய வீடு இருந்த கடற்கரை வளவில் இப்போது வீடு கட்ட விடுவதில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள். உங்கள் மூத்தவாப்பா தொட்டது என்று காட்ட என்னிடம் ஒரு சாமானும் இல்லை. மரைக்கார் தெருவில் கண்டால் சலாம் சொல்கிறார். பதில் சொல்கிறேன், அது மார்க்கக் கடமை. அதற்குமேல் ஒரு சொல் கதைப்பதில்லை.