கறுப்புக் கண்ணாடியும் ஒரு ஜேர்மன் சொல்லும்

ரஞ்சிதமக்காவை நினைத்தால் இன்றைக்கும் என் காது சூடாகிறது. உடனே சிரிப்பும் வந்துவிடுகிறது.

சமாதான காலம். போரால் மூடிக்கிடந்த பாதை திறந்ததும் அக்கா ஜேர்மனியிலிருந்து எங்கள் கனகராயன்குளத்துக்கு வந்திருந்தார். எங்கே போனாலும் கையில் தண்ணீர்ப் போத்தல். கதிரையில் இருக்க முன்னர் அதில் ஒரு கைலேஞ்சி விரிப்பார். எனக்கு வேறென்ன வேண்டும்? வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு ‘ஜேர்மன் மாமி’ என்று நாடகம் எழுதி, சேலை கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு நானே நடித்தேன். முன்வரிசையில் அக்கா இருக்க, சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

முடிந்ததும் அக்கா மேடையேறி ஒலிவாங்கியை வாங்கினார்.

“தம்பி, இப்பிடியான நையாண்டியை ஜேர்மனியில ‘பிஸிக்’ எண்டு சொல்லுவினம். கடிக்கிறது எண்டு அர்த்தம். கடிநாய்க்கும் அதே சொல்லுத்தான். ஆனா எழுதுறவைக்கு அது பெரிய பாராட்டு. நீ நல்லாக் கடிச்சிருக்கிறாய். என்னை மட்டும் கடிச்சால் போதுமோ?”

பிறகு என்னைப் போலவே நடந்து காட்டினார். “அக்கா, சுகமா இருக்கிறியளோ?” என்று கேட்டபடி, நாடகத்துக்காக மேடையில் வைத்திருந்த சூட்கேசிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. அவர் வந்த முதல்நாள் நான் செய்தது அச்சொட்டாக அதுதான். கொட்டகை அதிர்ந்தது. என் முகத்திலிருந்த கறுப்புக் கண்ணாடியும் அன்று அவருடைய சூட்கேசிலிருந்து எனக்குக் கிடைத்ததுதானே! எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

இப்போதும் யாரையாவது நையாண்டி செய்து எழுத உட்கார்ந்தால், முதற்கடியை என் கையிலேயே கடித்துப் பார்க்கிறேன். வலித்தால்தான் அடுத்த வரி.