கராஜில் திறந்த கிரேக்க வைன்

மகள் என்னிடம் கேட்டது ஒரேயொரு விசயம்தான்.

"அப்பா, அவையள் வாற அண்டைக்கு அம்மாவும் எங்களோட மேசையில இருந்து சாப்பிடோணும். பரிமாறிக்கொண்டு திரியக்கூடாது. எல்லாருக்கும் ஒரு கிளாஸ் வைன். அதை நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ. பகிடி விடாதேங்கோ, ப்ளீஸ்."

'அவையள்' என்றது, அவள் கட்டப்போகிற கிரேக்கப் பொடியனையும் அவனுடைய தகப்பனையும். தாய் இல்லை. தகப்பன் வடக்குக் கிரேக்கத்து மலைப்பக்கத்திலிருந்து முதன்முறையாக லண்டனுக்கு வருகிறார். 'எங்கட அப்பா வைன் பிஸ்னஸ்' என்று மகள் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டாள்.

பொய்யில்லை. பிளேஸ்டோவில் எனக்கு ஒரு ஒஃப் லைசன்ஸ் மதுக்கடை. தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்திலிருந்து வைன் விற்கிறேன். எந்தப் போத்தலை வாசலுக்குக் கிட்ட வைத்தால் களவு போகும், எதற்குத் திருகுமூடி, எதற்குத் தக்கை எல்லாம் தெரியும். ருசி மட்டும் தெரியாது. எங்கள் ஆட்களுக்கு விஸ்கி, இல்லாவிட்டால் பிராண்டி. வைன் என்பது இருமல் மருந்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

அதைவிடப் பெரிய சிக்கல், நாங்கள் குடிக்கிற இடம் மேசை அல்ல. கிங்ஸ்பரியில் கலியாணம் என்றாலும் குட்மேய்ஸில் எங்கள் வீட்டுப் பிறந்தநாள் என்றாலும், ஆண்கள் ஒருவரையொருவர் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போவோம். கார் டிக்கி திறக்கும். பிளாஸ்டிக் கப் வரும். உள்ளேயிருந்து பொரித்தது ஏதாவது பைற்ஸ் என்று வந்துசேரும். எல்லாம் முடிந்து, வாயைக் கொப்பளித்து, ஒன்றுமே நடக்காத முகத்தோடு சோற்றுக்கு உட்காருவோம். பெண்களும் ஒன்றுமே நடக்காத முகத்தோடு பரிமாறுவார்கள். எங்கள் திருமண வாழ்க்கையில் போத்தலும் கறிச்சட்டியும் ஒரே மேசையில் சந்தித்ததே கிடையாது. மனைவி நான் குடிப்பதைப் பார்த்ததுமில்லை. மூக்கால் மணந்திருக்கிறாள், அது வேறு.

மொத்த விற்பனைக் கடைக்குப் போய்க் கிரேக்க வெள்ளை வைன் ஒன்று கேட்டு வாங்கினேன். நண்டும் இறாலும் சமைக்கிற வீட்டுக்கு வெள்ளைதான் பொருத்தம் என்பது எனக்குக்கூடத் தெரியும். விருந்தன்று காலையில்தான் கண்ணாடி போட்டு லேபிளை வாசித்தேன். கறுப்புத் திராட்சையில் செய்தது என்று எழுதியிருந்தது. போத்தலுக்குள் இருந்ததோ தேசிக்காய் பிழிந்த தண்ணீர் நிறம். லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார்கள்! வைன் பிஸ்னஸ்காரன் சம்பந்திக்குப் போலி ஊற்றினான் என்ற செய்தி அந்த மலையெல்லாம் ஏறி இறங்கப்போகிறது. நிதானமுள்ளவன் போனில் தேடிப் பார்த்திருப்பான். நான் பிரஷர் பார்க்கிற மெஷினைக் கையில் கட்டினேன். அதுவும் பயந்துபோய் 'எரர்' என்று காட்டியது.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?" என்றாள் மனைவி, இறாலைக் கழுவிக்கொண்டே.

"வெள்ளை வைனைக் கறுப்புத் திராட்சையில செய்திருக்கிறாங்கள்."

"நீங்களும் வெள்ளைச் சேட்டுக்குள்ளதான் நிக்கிறியள். உங்களை ஆராவது கேட்டவையோ?"

மதியம் வந்தார்கள். தகப்பன் மண்வெட்டி போன்ற கையால் என் கையைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தார். பிறகு பேச்சு வரவில்லை, அவருக்கும் எனக்கும். மகளும் பொடியனும் மேசைக்குக் கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியில் என் கழுத்து தன்பாட்டில் ஒரு வேலை செய்தது. வாசல் பக்கமாக மெல்லச் சரிந்து, கண்ணையும் கூட்டிக்கொண்டு போனது. உலகத்து ஆண்களுக்கு அது பொதுப் பாஷை போலிருக்கிறது. அவர் உடனே எழுந்தார்.

அடுத்த நிமிடம் நாங்கள் போத்தலோடு கராஜில். டிக்கி திறந்திருக்கிறது. அவர் கையில் பிளாஸ்டிக் கப். நான் போத்தலை நீட்டி, லேபிள் பிழை, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் வாசித்துப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார். தன் உடைந்த ஆங்கிலத்தை என் உடைந்த ஆங்கிலத்தோடு ஒட்டி விளக்கினார். கறுப்பு, தோலில் மட்டும்தான். உள்ளே சாறுக்கு நிறமில்லை. தோலோடு ஊறவிட்டால் சிவப்பு வைன். பறித்த கையோடு மெதுவாகப் பிழிந்து தோலை அப்புறப்படுத்தினால் இப்படி வெள்ளை. அந்தத் திராட்சையின் பெயருக்கே அவர்கள் பாஷையில் புளிப்பு, கறுப்பு என்றுதான் அர்த்தமாம். அவருடைய மலையில் விளைவதாம். எனக்கு உயிர் வந்தது. வந்த உயிரைக் கொண்டாட இரண்டு கப்பையும் நிரப்பினேன்.

கதவு திறந்தது. மகள்.

"அப்பா." சத்தம் போடவில்லை. கண் கலங்கியிருந்தது. "ஒரேயொரு விசயம்தானே கேட்டனான்."

என்னிடம் எப்போதும் மூன்று நான்கு பகிடி தயாராக இருக்கும். அன்றைக்குக் கப்பை முதுகுக்குப் பின்னால் மறைக்கத்தான் முடிந்தது. அவளுக்குப் பின்னால், கையில் தட்டோடு மனைவி வந்துகொண்டிருந்தாள். சுடச்சுட இறால் பொரியல். கராஜ் கதவுச் சத்தம் கேட்டதும் அவளுடைய கைகளும் தன்பாட்டில் வேலை செய்திருக்கின்றன.

"நீங்களுமா அம்மா!" என்றாள் மகள்.

கிரேக்கர் எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, வாய் வைக்காத தன் கப்பை என் மனைவியிடம் நீட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். உத்தரவு கேட்கிற பார்வையல்ல அது, நான் பகிடி விடப்போகிறேனா என்று பார்க்கிற பார்வை. நான் வாயை மூடிக்கொண்டு தட்டை வாங்கினேன்.

கறியில் உப்புப் பார்ப்பதுபோல் ஒரு மிடறு எடுத்து, கண்ணை மூடினாள். ஒரு இறாலைக் கடித்தாள். இன்னொரு மிடறு.

"புளிப்பு நல்லாயிருக்கு. பொரியலோட சேருது. நண்டுக்கறியோட குடிக்காதேங்கோ, உறைப்பு மண்டைக்கு ஏறும். தேங்காய்ப்பால் சொதியோட குடிச்சுப் பாக்கோணும்."

"சொதி உள்ளுக்கல்லோ இருக்கு," என்றாள் மகள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப வாங்கோவன். இடியப்பம் ஆறுது."

மனைவி மேசையில் உட்கார்ந்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கப்போகிறவள் மாதிரிக் கதிரை நுனியில். எழும்பப் பார்த்தபோதெல்லாம் மகள் தோளைப் பிடித்து இருத்தினாள். கிரேக்கர் இடியப்பத்தைச் சொதியில் நனைத்து உண்டு, வைனைக் குடித்து, மகனிடம் ஏதோ சொன்னார். "சொதிதான் பெஸ்ட்டாம், ஆன்ரி," என்றான் பொடியன். மனைவி பின்னால் சாய்ந்து கதிரையை முழுதாக நிரப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் சொதிக் கோப்பை காலி. அவள் அதைப் பார்த்தாள், குசினிப் பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, சட்டியில இன்னும் கிடக்கு. ஒருக்கா எடுத்துக்கொண்டு வாங்கோவன்."

நான் எழுந்து போனேன். குசினியில் அகப்பை எங்கே இருக்கும் என்று தெரியாமல் லாச்சி லாச்சியாக இழுத்துத் திறந்தேன். கிடைக்கவில்லை. கேட்கலாமென்று வாயைத் திறந்தபோது, மேசைப் பக்கமிருந்து மனைவியின் சிரிப்பு கேட்டது. வந்தவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, கையில் ஒரு வேலையுமில்லாமல், எதற்கென்று எனக்குத் தெரியாத ஒரு சிரிப்பு. அகப்பையைக் கேட்காமல், ஒரு தேநீர்க் கோப்பையால் சொதியை அள்ளத் தொடங்கினேன்.