பத்து நிமிடம் முந்திய வெடி

குவாரியில் எல்லோருக்கும் அவள் சங்கக்காதான். சொந்தப் பேர் சம்பளத்தன்று கையெழுத்துப் போட மட்டும்தான் உதவியது. பாறைக்கு வெடி வைப்பதற்கு முன் ஆட்களை ஒதுங்கச் சொல்லும் சங்கை ஊதுவது அவள் வேலை. எதிர்மேட்டில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கையால் சுற்றும் சங்கு, சுவர்க் கடிகாரம், உட்கார ஒரு ஸ்டூல். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் ஊதுவாள்; சரியாக ஒரு மணிக்கு வெடிகாரர் பொத்தானை அழுத்துவார். பதினாறு வருஷம் இது ஒரு நாளும் பிசகவில்லை.

பிசகிய அன்று கடிகாரத்தில் ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. சங்குப் பக்கம் அவள் இன்னும் திரும்பவே இல்லை. வெடி போய்விட்டது. படிபோல் வெட்டிய பாறையின் கீழ்த்தட்டில் துளை போட்டுக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் அங்கேயே செத்துப்போனார்.

"சங்கு ரிப்பேர், ஆளையெல்லாம் வாயால சொல்லி ஒதுக்கியாச்சு, சீக்கிரம் முடின்னு மேனேஜர் போன்ல சொன்னாரு. அதான் அழுத்தினேன்" என்றார் வெடிகாரர். மேனேஜருக்கு அன்று வெளியூர் விருந்தாளிகளோடு கிளம்பும் அவசரம். ஆனால் அப்படி ஒரு போனே பண்ணவில்லை என்று அவர் ஒரே போடாகப் போட்டார். ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது என்று சங்கக்கா சொன்னது எடுபடவில்லை. வெடி ஒரு மணிக்குத்தான் போனது, சங்குதான் ஊதப்படவில்லை என்று விசாரணை முடிந்தது. வெடிகாரரை வேலையை விட்டு அனுப்பினார்கள். சங்கக்காவை லாரிப் பாதையில் தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்கப் போட்டார்கள். "நேரத்துக்கு ஊதாம ஒருத்தனுக்கே சங்கு ஊதிட்டா" என்று அவள் காதுபடவே பேசினார்கள். செத்தவரின் மனைவி அவளைக் கண்டால் தெருவின் அடுத்த ஓரத்துக்குப் போய்விடுவாள்.

அந்த நாட்களில் அவளுக்கு இருந்த ஒரே துணை தம்பி. அம்மா அப்பா போனபின் அவள் வளர்த்த பிள்ளை. குவாரி ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர்; எந்தப் போனும் அவன் லைன் போட்டால்தான் போகும். "எனக்கு ஒண்ணும் தெரியலக்கா, நான் அப்போ சீட்லயே இல்ல" என்று அவள் மடியில் படுத்து அழுதான். அவள்தான் அவனைத் தேற்றினாள். கொஞ்ச நாளில் அவன் ஆபீஸ் சூப்பர்வைசர் ஆனான். விடுமுறைதோறும் மதியச் சாப்பாடு அக்கா வீட்டில்தான்.

குவாரி மூடி வருஷங்கள் கழித்து, கல்லூரியில் நிலவியல் சொல்லித்தரும் மேடம் ஒருவர் வந்தார். பழைய குவாரியைச் சுற்றி ஏழு கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை போடுவது அவர் திட்டம். ஆபீஸ் கேட்டில் புறப்பட்டால் மறுபடி அங்கேயே வந்து சேரலாம். வழிநெடுக விளக்கப் பலகைகள். எந்தத் தட்டை எந்த வருஷம் வெட்டினார்கள் என்று கேட்டபோது எல்லோரும் சங்கக்காவைக் கைகாட்டினார்கள். பதினாறு வருஷம் அந்தப் பாறைமுகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அல்லவா. எரிமலைக் குழம்பு ஆறும்போது ஆறு பட்டையாகப் பிளந்து நின்ற கருந்தூண்களை அவள் காட்டினாள். இரண்டு குழம்புகளுக்கு நடுவே சூட்டில் வெந்து செங்கல் நிறமான மண்பட்டையையும் காட்டினாள். மேடம் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதுக்குப் போய் இவ்ளோ சந்தோஷமா?" என்றாள் சங்கக்கா.

"இத நான் ரெண்டு மாசமா தேடிட்டிருக்கேன்" என்றார் மேடம்.

ஏழாவது பலகை அந்த விபத்துக்கு. அதற்காக மேடம் பழைய விசாரணைக் கோப்பை வாங்கி வந்திருந்தார். ஒரு தாளைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கொடுத்தார். தம்பியின் முத்து முத்தான கையெழுத்து. 'வெடிச் சத்தம் கேட்டதும் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்று. என் அக்கா சங்கு ஊதவில்லை. நான் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. மேனேஜரிடமிருந்து வெடிகாரருக்கு எந்தப் போனும் போகவில்லை.'

அவள் தாளை மூன்று முறை படித்தாள். பிறகு நேராகத் தம்பி வீட்டுக்கு நடந்தாள். அவன் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"போன் வந்துச்சா வரலையா?"

எந்தப் போன் என்று அவன் கேட்கவில்லை. ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நின்றான். "வந்துச்சு. நான்தான் லைன் போட்டேன்."

"அப்புறம் ஏன்டா?"

"என்னை என்ன பண்ணச் சொல்றே? கல்யாணமாகி மூணு மாசம். எழுதிக் கொடுக்கலேன்னா வேலை போயிருக்கும். உன்னை வேலைய விட்டு எடுக்க மாட்டோம்னு மேனேஜர் சத்தியம் பண்ணினாருக்கா. அதனாலயும்தான்..."

"எனக்காகப் பண்ணினேங்கிற."

அவன் மறுபடி ஸ்கூட்டரைத் துடைக்கக் குனிந்தான்.

"இத்தனை வருஷம் என் கையால சாப்பிட்டியே. ஒரு நாளாவது தொண்டையில சிக்கலையா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. திரும்பி நடந்தாள். மேனேஜர் மேல் வந்த கோபம் என்றோ ஆறிவிட்டது, அவர் அந்நியர். இவன் காய்ச்சலில் கிடந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அவள்.

அந்தப் பலகையையே விட்டுவிடலாம் என்றார் மேடம். வேண்டாம், தாளை அப்படியே போடுங்கள், பக்கத்தில் வெடிகாரர் சொன்னதையும் நான் சொல்வதையும் போடுங்கள் என்றாள் சங்கக்கா.

"தம்பி பேரை மட்டும் மறைச்சிடட்டுமா?"

"என் பேரை யாரும் மறைக்கலையே மேடம்."

பாதை திறந்த மறுநாள் தம்பி மனைவி வந்து, குடும்ப மானத்தை நடுத்தெருவில் பலகை அடித்து மாட்டிவிட்டாயே என்று கத்திவிட்டுப் போனாள். செத்தவரின் மனைவி ஏழாவது பலகையை நின்று படித்தாள் என்று சங்கக்கா கேள்விப்பட்டாள். அந்த அம்மாள் இப்போது ஓரம் மாறிப் போவதில்லை; பேசுவதும் இல்லை. தம்பி சாப்பிட வருவதில்லை. முதல் சில வாரம் பழக்க தோஷத்தில் அவனுக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டு, மிஞ்சிய சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாரத்தில் இரண்டு நாள் நடக்க வருபவர்களை அவளே அழைத்துப் போகிறாள். ஏழாவது பலகையில் மட்டும் விளக்கம் சொல்வதில்லை. அவர்களே படிக்கட்டும் என்று தள்ளி நிற்பாள். ஒருநாள் ஒரு பெண் படித்து முடித்துவிட்டு, "இப்படி எழுதிக் கொடுத்த ஆள் இன்னும் உயிரோட இருக்காரா?" என்று கேட்டாள்.

"இருக்கான். பக்கத்துத் தெருதான்" என்றாள் சங்கக்கா. "வாங்க, இனிமே ஏத்தம். பாத்து கால் வைங்க."